23,000 ரூபாவில் ஒரு மாதம்

கடந்த ஆண்டு மே மாதம் பூனாகலைப் பக்கத்தில் சிக்கன வகுப்பொன்றை நடத்தினோம். கரும்பலகையில் ஒருபுறம் வரவையும் மறுபுறம் செலவையும் எழுதி, நடுவில் ‘சேமிப்பு’ என்று போட்டுக் கோடிட்டோம். வெற்றிலைக்கு எவ்வளவு, தொலைபேசி அட்டைக்கு எவ்வளவு, சாராயத்துக்கு எவ்வளவு என்றெல்லாம் கேட்டோம். கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்திருந்த தாய் ஒருவர் கடைசி வரிசையில் இருந்து எழுந்தார். “சேர், நீங்க சொல்றதெல்லாம் சரிதான். இந்தக் காசுல நீங்க ஒரு மாசம் இருந்து பார்த்திருக்கீங்களா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார். நாம் இருந்து பார்த்ததில்லை. எம்மிற் சிலர் லயத்திலே பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஆயினும் மாதச் சம்பளமும் மோட்டார் சைக்கிளும் வந்த பின்னர் பழைய கணக்கு எமக்கு மறந்துபோயிற்று.

ஆகவே யூன் 10ஆம் திகதி முதல் யூலை 9ஆம் திகதி வரை, ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள தோட்டமொன்றில் வெறுமையாகக் கிடந்த லயக் காம்பரா ஒன்றில் எமது பணியாளர் நால்வர் குடியிருந்தனர். அந்த மாதத்தில் கண்டதை இங்கே எழுதுகின்றோம். அப்போதே எழுதியிருக்க வேண்டும், பிந்திவிட்டது. இப்போது எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மழையில் இம்மாவட்டத்தின் மலைகள் மீண்டும் சரிந்தன. வீட்டையும் பாத்தியையும் விட்டுவந்து, கையிலுள்ள சிறு தொகையோடு மாதத்தைத் தொடங்கும் குடும்பங்கள் இன்று இப்பக்கங்களை வாசிக்கின்றன.

தொகையை எப்படித் தீர்மானித்தோம்

2021 மார்ச் முதல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. நாம் லயத்தில் இருந்த காலத்தில் அதுவே நடைமுறையில் இருந்தது. மாதத்தில் 20 பேர் விழுந்தால் 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா போக மிஞ்சுவது 24,840. சங்கச் சந்தாவும் ஏனைய கழிவுகளும் போனால் 23,000 வரை கைக்கு வரும் என்று அயலிலுள்ளோர் தமது சம்பளச் சீட்டுக்களைக் காட்டினர். அத்தொகையையே எடுத்துக்கொண்டோம். மழை நாளில் அரைப் பேர் விழுந்தவர்களுக்கும், குறித்த கிலோ எடுக்க முடியாதவர்களுக்கும் இவ்வளவும் வராது. இருவர் வேலைக்குப் போகும் வீட்டில் கூடுதலாக வரும். 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ஆக்கவும், அரசாங்கம் நாளுக்கு 200 ரூபா வரவுக் கொடுப்பனவு கொடுக்கவும் பிரேரிக்கப்பட்டது. ஆகவே உங்கள் சீட்டைப் பார்த்து எமது கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நால்வருக்கு 23,000 என்றால் தலைக்கு 5,750 ரூபா. 2019இல் அரசாங்கம் நடத்திய குடும்ப வருமான, செலவுக் கணக்கெடுப்பு ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாவை வறுமைக் கோடாக வைத்தது. அவ்வாண்டில் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14.3 பேர் அக்கோட்டின் கீழ் இருந்தனர். தோட்டப் பகுதியில் 33.8 பேர். அது 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்கு முந்திய விலை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் 94.9 வீதம் ஏறியிருந்தது. பின்பு விலையேற்றம் தணிந்ததேயன்றி, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. எமது 5,750 ரூபா பழைய கோட்டையே எட்டாத தொகை என்பது அறையில் அமர்ந்து கணக்கெழுதும்போதே விளங்கிவிட்டது. அது வயிற்றுக்கு விளங்கப் பத்து நாள் பிடித்தது.

முதல் நாள் கடை

பத்தாம் திகதி சம்பளம் என்பதால் பதினோராம் திகதிதான் கடையில் கூட்டம். கிலோ 230 ரூபாவுக்கு நாட்டரிசி 20 கிலோ 4,600. கோதுமை மா 20 கிலோ 3,600. பருப்பு மூன்று கிலோ 870. சீனி மூன்று கிலோ 720. எண்ணெய் ஒரு போத்தல் 900. சவர்க்காரம், உடுப்புத் தூள் 650. மிளகாய்த் தூள், உப்பு, வெங்காயம், கொஞ்சம் நெத்தலிக் கருவாடு 1,300. மொத்தம் 12,640. மீதி 10,360. நாளுக்கு அரைத் தேங்காய் என்று பதினைந்து தேங்காய்க்கு 2,700, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் 700 ஒதுக்கினோம். மிஞ்சியது 6,960. முப்பது நாளாற் பிரித்தால் நாளுக்கு 232 ரூபா. மரக்கறி, பஸ், மருந்து, பிள்ளைகளின் பாடசாலை, நன்மை தீமை யாவும் இதற்குள்ளே அடங்க வேண்டும். எம்மோடு பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எமக்குத் தெரியாது.

அரிசியும் மாவும் சேர்த்து 40 கிலோ. நால்வர் முப்பது நாள் உண்டால் ஒருவருக்கு நாளுக்கு 333 கிராம். அதிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 1,150 கலோரி. பருப்பு, சீனி, தேங்காய், எண்ணெய் எல்லாம் சேர்த்தாலும் 1,600ஐத் தாண்டுவது கடினம். வறுமைக் கோட்டைக் கணக்கிடும் அரசாங்கமே ஒருவருக்கு நாளுக்கு 2,000 கலோரிக்குச் சற்று மேல் வேண்டும் என்று வைக்கின்றது. செங்குத்து மலையில் கூடை சுமப்பவருக்கு அதுவும் போதாது.

எமது முதலாவது பிழை மாவைப் பற்றியது. “ரொட்டியைக் குறையுங்கள், சோற்றை உண்ணுங்கள்” என்று ஆண்டுக்கணக்காகப் போதித்து வந்துள்ளோம். அங்கே போய் இருந்த பின்னரே விடயம் புரிந்தது. சோறு என்றால் கறி வேண்டும். கறி என்றால் மரக்கறி, தேங்காய்ப்பால், எண்ணெய், இன்னுமொரு சட்டி, இன்னும் ஒரு கட்டு விறகு. ரொட்டிக்கு ஒரு சம்பல் போதும். காலையில் சுட்டதைத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம், பத்து மணிக்கும் கெடாது. நான்கரை மணிக்கு எழுந்து ஆறரைக்குப் பிரட்டுக்குப் போகும் பெண் மாவைத் தெரிவு செய்வது அறியாமையால் அன்று. எனவே மாவை விடச் சொல்வதை விட்டுவிட்டு, மாவோடு என்ன சேர்க்கலாம் என்று பார்த்தோம். வெல்லவாய, புத்தளைப் பக்கத்துச் சேனைகளில் விளையும் குரக்கன் மாவை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் ரொட்டி கொஞ்சம் கறுக்கும், வயிறு அதிக நேரம் தாங்கும். பொடியாக அரிந்த முருங்கையிலையை மாவிலே பிசைந்தும் சுடலாம். முதல் நாள் கசந்தது, பின்னர் பழகிவிட்டது.

தேங்காயிலும் தோற்றோம். பக்கத்துக் காம்பரா அம்மா எமது குப்பையைப் பார்த்துவிட்டு, “பூவை ஒருக்கா புழிஞ்சிட்டு வீசுறீங்களே” என்றார். அவர் வீட்டில் முதற்பால் கறிக்கு, இரண்டாம் பால் பருப்புக்கு, மிஞ்சிய சக்கை மிளகாயும் உப்பும் சேர்த்து அம்மியில் அரைத்துக் காலைச் சம்பலுக்கு. சிக்கனம் கற்பிக்கப் போனவர்கள் நாம்.

பணம் எங்கே போயிற்று

பதின்மூன்று நாள் கணக்கு சரியாகவே நடந்தது. பதினான்காம் நாள் இரவு எம்மில் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல். இந்நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. அது பெரிய பாக்கியம். ஆனால் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரவில் பஸ் கிடையாது. ஆட்டோ போய்வர 2,500 ரூபா. பதினோரு நாள் கைச்செலவு இரண்டு மணித்தியாலத்திற் போயிற்று. இரத்தப் பரிசோதனை முடிவை எடுக்க மறுநாளும் ஒருவர் பஸ்ஸேற வேண்டியிருந்தது. சிறிய வருமானத்தை உடைப்பது பெரும்பாலும் வைத்தியம் அல்ல, வைத்தியத்துக்குப் போகும் வழி. எமது நாற்பக்கக் கொப்பியில் ‘பாதை’ என்று ஒரு நிரல் போட்டிருந்தால் அதுவே அரிசிக்கு அடுத்த பெரிய செலவாக இருந்திருக்கும்.

இரண்டாவது, சில்லறையாக வாங்குவது. மொத்தமாக ஒரு கிலோ பருப்பு 290 ரூபா. நூறு கிராம் சுற்றிக் கொடுத்தால் 35 ரூபா, அதாவது கிலோ 350. கடைக்காரர் ஏமாற்றவில்லை, சுற்றும் தாளும் நேரமும் அவருக்கும் செலவுதான். கையில் 40 ரூபா உள்ளவர் நூறு கிராம்தான் வாங்க முடியும். அவர் கூடிய விலை கொடுக்கின்றார். இருபத்தோராம் நாளில் எம்மிடம் 410 ரூபா இருந்தது. அன்றிலிருந்து நாமும் நூறு நூறு கிராமாக வாங்கினோம்.

இருபத்து மூன்றாம் நாள் மா முடிந்தது. கடைக் கொப்பியில் எமது பெயர் ஏறியது. முப்பதாம் நாள் கூட்டிப் பார்த்தபோது 3,150 ரூபா கடன். பரிசோதனை முடிந்ததும் அதைக் கட்டிவிட்டு இறங்கி வந்தோம். தோட்டத்தில் இருப்பவருக்கு அடுத்த மாதம் 23,000 அன்று, 19,850இல் தொடங்கும். அதற்கடுத்த மாதம் இன்னும் குறையும். அப்போதுதான் வட்டிக்காரர் வருவார்.

இதைச் சற்று விளக்குவது அவசியம். நூற்றுக்குப் பத்து வட்டி என்பார்கள், கேட்கச் சிறிதாகத் தெரியும். அது மாதத்துக்கு. 10,000 வாங்கினால் மாதம் 1,000 வட்டி. ஓராண்டில் 12,000 கட்டியிருப்பீர்கள். வாங்கிய 10,000 அப்படியே நிற்கும். கிழமைக் கடன் கம்பனிகளிற் சில ‘நிலையான வட்டி’ என்று சொல்வதும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கிழமையும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள், ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கணக்கிடப்படும். ஆகவே உண்மையான வட்டி சொல்லும் வட்டியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. கையொப்பமிடு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் மொத்தம் எத்தனை ரூபா திருப்பிக் கட்ட வேண்டும்?” பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறார்கள்

இவ்வாறு வாழ்ந்து பார்த்தவர்கள் நாம் மட்டும் அல்ல. 2011இல் இந்தியாவில், வெளிநாட்டிற் படித்துத் திரும்பிய இரு இளைஞர்கள் பெங்களூரில் ஒரு சாதாரண இந்தியரின் வருமானத்தில் வாழ முயன்றனர். வாடகை போக நாளுக்கு நூறு இந்திய ரூபா. அவ்வேளை இந்தியத் திட்டக் குழு, நகரத்தில் நாளுக்கு 32 ரூபாவும் கிராமத்தில் 26 ரூபாவும் செலவிடுபவர் வறியவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துப் பெரும் சர்ச்சை எழுந்திருந்தது. இருவரும் கேரளக் கிராமமொன்றுக்குப் போய் 26 ரூபாவிலும் இருந்து பார்த்தனர். புழுங்கலரிசிச் சோறு, ஒரு கிழங்கு, வாழைப்பழம், பாலில்லாத் தேநீர். நாள் முழுவதும் அடுத்த வேளை உணவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதை வாசித்தபோது மிகைப்படுத்தல் என எண்ணினோம். பதினெட்டாம் நாள் எமது கூட்டமொன்றில் நால்வரும் பேசியது மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே.

அதற்கும் நூறு ஆண்டுக்கு முன், இங்கிலாந்தின் யோர்க் நகரத் தொழிலாளரை ஆராய்ந்து 1901இல் நூல் வெளியிட்ட சீபோம் ரவுண்ட்ரீ, உடலை மட்டும் காப்பாற்றப் போதுமான வரவு செலவைக் கணக்கிட்டார். அத்தொகையில் வாழும் குடும்பம் பஸ் ஏறக்கூடாது, பத்திரிகை வாங்கக்கூடாது, தூரத்துப் பிள்ளைக்குக் கடிதம் எழுதக்கூடாது, கோயிலுக்கோ அயலவருக்கோ எதுவும் கொடுக்கக்கூடாது, நோயில் விழவே கூடாது என்று அவரே எடுத்துக் காட்டினார். எமது கணக்கும் அப்படித்தான். அந்த மாதத்தில் எமது லயத்தில் ஒரு சாவீடு நடந்தது. எல்லோரும் கொடுத்தார்கள். நாமும் 500 ரூபா கொடுத்தோம். அது எந்தத் திட்டத்திலும் இல்லை. கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்பவர் லயத்தில் இருந்தவர் அல்லர். பதினான்காம் நாள் இரவில் ஆட்டோவை அழைத்து வந்தவர் அந்த வீட்டுப் பையன்தான்.

கணக்கில் வராத வருமானம்

இனிச் சொல்வது இடம்பெயர்ந்த உங்களுக்கு முக்கியமானது. அதே லயத்தில், அதே சம்பளத்தில், எம்மைவிட நன்றாக மாதத்தை ஓட்டிய குடும்பங்கள் இருந்தன. ஏன் என்று கூர்ந்து பார்த்தோம். லயத்துக்குப் பின்னால் ஒரு கீரைப் பாத்தி. கூரைமேல் ஏறிய சௌசௌக் கொடி. நாலு கோழி. ஒரு வீட்டில் பசு. தேயிலைக் கவ்வாத்து மிலாறு அடுப்புக்கு. தோட்டம் கொடுக்கும் தேயிலைத் தூள். கடைக்காரருக்குத் தகப்பன் காலந்தொட்டுத் தெரிந்த முகம். இவை ஒன்றும் சம்பளச் சீட்டில் இல்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு இவையும் மண்ணுக்குள் போயின. உயிர்தப்பியோர் பழைய மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட காலம் தங்கியிருந்து, 2016இல் கட்டி முடிந்த 75 வீடுகளுக்குச் சென்றனர். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் சரிவு ஏற்பட்டது. நிவாரணம் கொடுத்தோர் அரிசி கொடுத்தார்கள், பருப்பு கொடுத்தார்கள். நாமும் அப்படியே கொடுத்தோம். வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்களே, இனி முன்புபோல் வாழலாம்தானே என்று எண்ணினோம். சம்பளம் முன்புபோல் இருந்தது. பாத்தியும் பசுவும் கடைக் கொப்பியும் இருக்கவில்லை. முன்னர் ஓடிய அதே காசு ஏன் ஓடவில்லை என்று கேட்டு நாமே அவர்களைக் கடிந்திருக்கிறோம். அது தவறு.

இம்மலைகளின் மூத்தோருக்கு இது புதிதல்ல. 1973, 74ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தபோது, நிலமில்லாத தோட்டத்தவர் நாட்டிலே எல்லோரையும்விட மோசமாகப் பட்டினி கிடந்தனர், பலர் இறந்தனர். கிராமத்தவருக்கு வீட்டைச் சுற்றிப் பலாவும் மரவள்ளியும் இருந்தன, லயத்தவருக்கு இருக்கவில்லை. அப்பட்டினியும் பின்வந்த இனக்கலவரங்களும் பல குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் கொண்டுபோயின. அங்கே காடு வெட்டிக் கமம் செய்த பிள்ளைகளின் பிள்ளைகள் யுத்தத்தில் மீண்டும் இடம்பெயர்ந்தனர்.

ஆகவே புதிய இடத்துக்கு வந்த முதல் மாதத்தில், கூப்பன் வரிசைக்கு முன்பாகவே ஒரு பாத்தியைத் தொடங்குங்கள். நிலம் உங்களுடையதாக இல்லாவிட்டால் மா மூட்டை போதும். மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, பக்கவாட்டில் துளையிட்டு பொன்னாங்காணி, வல்லாரை, பசளி நடலாம். பொன்னாங்காணி தண்டு ஊன்றி ஒரு மாதத்தில் கிள்ளலாம். இடம்மாறச் சொன்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம். மரவள்ளி நடுவோர் கிழங்கைத் தோல் உரித்து, துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கீரையும் பருப்பும் உண்டபின் உடனே தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் எம் எல்லோருக்கும் உண்டு. கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கின்றது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் நல்லது. கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச் சத்துக் கூடுதலாகச் சேரும். செலவில்லாத விடயம் இது. கர்ப்பிணிகளும் பூப்பெய்திய பிள்ளைகளும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கடதாசிகளையும் மறவாதீர்கள். அஸ்வெசும கொடுப்பனவு பெற்றவர்கள் இடம் மாறியதும் புதிய கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, பிரதேச செயலகத்தில் கோவையை மாற்றுவித்துக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரி முதல் வறியோர் பிரிவினருக்கு 10,000 ரூபாவும் மிக வறியோர் பிரிவினருக்கு 17,500 ரூபாவும் எனக் கூட்டப்பட்டது. மேலே சொன்ன 23,000இன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தொகை என்பது புரியும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைந்த பிள்ளைகளும் திரிபோஷ பெறலாம். வந்திறங்கிய கிழமையிலேயே அப்பகுதி மருத்துவ மாதுவிடம் கிளினிக் கொப்பியைக் காட்டிப் பதியுங்கள். கொப்பி மண்ணில் போயிருந்தாலும் போய்ச் சொல்லுங்கள்.

எம்மைக் கேள்வி கேட்ட தாயிடம் யூலையில் எமது கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினோம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். சீனி அதிகம் என்றார். பிறகு, அவரும் அயலில் ஒன்பது குடும்பங்களும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். சம்பளத்துக்கு மறுநாள் வீட்டுக்கு 1,500 ரூபா போட்டு 15,000 ஆக்கி, பருப்பும் கருவாடும் வெங்காயமும் பண்டாரவளையில் மொத்தமாக எடுப்பது. மரக்கறிக்கு இயலுமான மாதங்களில் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஒருவர் போய்வருவது. ஓகஸ்டில் தொடங்கினார்கள். லொறிக்கூலியை யார் கொடுப்பது என்று இரண்டாம் மாதமே சண்டை வந்தது. வாங்கும் நிறைக்கு ஏற்பப் பிரிப்பது என்று முடிவாகி, அதை ஒரு பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள். நவம்பர் மழையில் அவர்களில் மூன்று குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்துக்குப் போக நேர்ந்தது. டிசம்பரிலும் அம்மூவரின் பங்கைப் பிரித்து மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள். பணம் பிறகு தரலாம் என்று கொப்பியில் எழுதியிருக்கிறது.